காயம் காரணமாகலாம், சாக்காகலாமா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தமிழும் மலையாளமும் தனித்தனியே ஒலிப்பதில்லை. சாலைக் கடைவீதியில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் தமிழர்களும், விழிஞ்ஞத்துக்கும் கோவளத்துக்கும் பேருந்து பிடிக்க வரும் மலையாளிகளும் அன்றாடம் கலந்து பழகும் இடம் அது. ஐபிஎல் கிரிக்கெட் என்று வந்தால் மட்டும் இரு தரப்புக்கும் இடையே ஒரு கோடு இருந்தது. ஒரு தரப்புக்கு சென்னை சூப்பர் கிங்ஸ். மறு தரப்புக்கு விழிஞ்ஞம் கடலோரப் பகுதியிலிருந்து புறப்பட்ட சஞ்சு சாம்சன் ஆடும் அணி. 2025 நவம்பர் 15-ஆம் தேதி அந்தக் கோடும் அழிந்தது. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு விட்டுக்கொடுத்து, சஞ்சுவைச் சென்னை அணி பெற்றுக்கொண்டது.

இந்தப் பரிமாற்றத்துக்குப் பின்னணியாக இருந்தது இரு அணிகளும் 2025-இல் கண்ட வீழ்ச்சி. பத்து அணிகள் மோதிய அத்தொடரில் ராஜஸ்தான் ஒன்பதாவது இடத்தையும் சென்னை பத்தாவது இடத்தையும் பிடித்தன. இரண்டும் 14 ஆட்டங்களில் 4 வெற்றி மட்டுமே பெற்றன. ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை அணி கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது அதற்கு முன் ஒருபோதும் நிகழாதது. இரு அணிகளின் தலைவர்களும் தொடரின் இடையே காயத்தால் விலக நேர்ந்ததும் உண்மை. எனவே, 'காயம்தான் கவிழ்த்தது' என்னும் வாதம் எளிதாக எழுகிறது. அது ஏற்கத்தக்கதுதானா?

காயம் ஓர் அணியை நிலைகுலையச் செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை இறுதிச் சுற்றுக்கு வந்த அணி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். 2019 இறுதிச் சுற்றின்போது கெவின் டுராண்டும் கிளே தாம்சனும் அடுத்தடுத்து பலத்த காயமடைந்தனர். டுராண்ட் வேறு அணிக்குச் சென்றார். தாம்சன் அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. ஸ்டீபன் கரியும் கை எலும்பு முறிந்து, 5 ஆட்டங்களில் மட்டுமே பங்கேற்றார். விளைவு, 15 வெற்றி, 50 தோல்வியுடன் அந்த அணி கடைசி இடம். கரியும் தாம்சனும் உடல் தேறித் திரும்பியபின், 2022-இல் அதே அணி கோப்பையை வென்றது. ஐவர் மட்டுமே களத்தில் நிற்கும் ஆட்டத்தில் முதன்மை வீரர்கள் ஒருசேர இல்லாமற்போனால் தோல்வி தவிர்க்க இயலாதது. அங்கே காயம் நியாயமான காரணம்.

சென்னையின் கதை அத்தகையதன்று. தேதிவாரியாகப் பார்த்தாலே இது புலப்படும். ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டது 2025 மார்ச் 30-ஆம் தேதி குவாஹாட்டியில். அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்னரே, அவர் நலமாக இருந்தபோதே, சேப்பாக்கத்தில் பெங்களூரு அணியிடம் சென்னை 50 ரன் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. 2008-க்குப் பிறகு அந்த மைதானத்தில் பெங்களூருக்கு அதுவே முதல் வெற்றி. தொடர் முழுவதும் சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டங்களில் 5-இல் சென்னைக்குத் தோல்வி. சொந்த மண்ணின் ஆடுகளத்துக்கு ஏற்ற அணியைத் தேர்ந்தெடுக்கத் தவறியதை எந்த முழங்கையின் மீதும் சுமத்த முடியாது.

கெய்க்வாட் விலகுவதாக ஏப்ரல் 10-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. மறுநாளே கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் 9 விக்கெட் இழப்புக்கு 103 ரன் என்று சுருண்டது சென்னை. சேப்பாக்கத்தில் அந்த அணி எடுத்த மிகக் குறைந்த ரன் அதுதான். ஒரு தலைவர் விலகிய அதிர்ச்சி என்று இதைக் கூறுவோர் உண்டு. ஆனால், முதல் மூன்று ஆட்டங்களில் இரு அரை சதம் அடித்த கெய்க்வாட் ஆடியும், அவற்றில் அணி வென்றது ஒன்றில் மட்டும்தானே?

இவற்றைவிட முக்கியமான சான்று ஒன்று உண்டு. அத்தொடரில் சென்னை ரசிகர்களுக்குச் சற்றேனும் ஆறுதல் அளித்தவர்கள் யார்? கெய்க்வாடுக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக வந்த டெவால்ட் பிரெவிஸ், வன்ஷ் பேடிக்குப் பதிலாக வந்த உர்வில் படேல். மாத்ரே 7 ஆட்டங்களில் 240 ரன்னும், பிரெவிஸ் 6 ஆட்டங்களில் 225 ரன்னும் குவித்தனர். மூவருமே 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடைபெற்ற பெரும் ஏலத்தில் எந்த அணியாலும் எடுக்கப்படாதவர்கள். அதாவது, ஏலத்தின்போது அடைக்கப்பட்ட கதவைக் காயம்தான் திறந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரர்கள் வந்தபின் அணி துடிப்புடன் ஆடுகிறது என்றால், முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட அணியில்தான் கோளாறு என்பது வெளிப்படை.

இதே சென்னை அணி 2023-இல் நடந்துகொண்ட விதத்தை நினைவுகூர்வது நலம். ரூ. 16.25 கோடி கொடுத்து வாங்கப்பட்ட பென் ஸ்டோக்ஸ் அவ்வாண்டு ஆடியது இரண்டே ஆட்டங்கள். கைல் ஜேமிசனும் முகேஷ் சௌத்ரியும் தொடர் தொடங்கும் முன்பே காயத்தால் விலகினர். தீபக் சாஹர் இடையில் பல ஆட்டங்களில் இல்லை. தலைவர் தோனியே முழங்கால் வலியுடன் ஆடி, தொடர் முடிந்த கையோடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஆயினும் கோப்பை சென்னைக்கே வந்தது. அன்று எவரும் காயத்தைப் பற்றிப் பேசவில்லை. வென்றால் மறக்கப்படுவதும் தோற்றால் நினைவுக்கு வருவதும் காரணம் ஆகாது. அதற்குப் பெயர் சாக்கு.

கேரளத்தின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான மும்பை டி20 ஆட்டத்தில் சஞ்சுவின் விரல் எலும்பு முறிந்தது. மாநிலத்தின் மிகப்பெரும் நட்சத்திரம் இல்லாமலேயே ரஞ்சி கோப்பை கால் இறுதிக்குச் சென்றது கேரளம். ஜம்மு-காஷ்மீருக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் பெற்ற ஒரே ஒரு ரன் முன்னிலையால் அரை இறுதிக்கு முன்னேறியது. அங்கே குஜராத்துக்கு எதிராக விக்கெட் கீப்பர் முகமது அசாருதீன் ஆட்டமிழக்காமல் 177 ரன் எடுத்தார். இரண்டு ரன் முன்னிலையில் வரலாற்றில் முதன்முறையாக இறுதி ஆட்டத்தை எட்டியது கேரளம். நாகபுரி இறுதி ஆட்டம் டிராவில் முடிய, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கோப்பை விதர்பாவுக்குச் சென்றது. எனினும், ஒருவர் இல்லாத இடத்தை நிரப்பப் பலரை ஆயத்தமாக வைத்திருந்த அணியாகவே கேரளம் நினைவில் நிற்கிறது.

சஞ்சு அப்போது தலைமை வகித்த ராஜஸ்தானுக்கும் இதே அளவுகோல்தான். விரல் காயத்தால் அவர் முதல் மூன்று ஆட்டங்களில் பேட்ஸ்மேனாக மட்டுமே ஆடினார். ஏப்ரல் 16-ஆம் தேதி தில்லியில் விலாப்புறத் தசைப்பிடிப்பால் களத்திலிருந்து வெளியேறி, ஒரு மாதம் ஆடவில்லை. அந்த இடைவெளியில் வாய்ப்புப் பெற்ற 14 வயது வைபவ் சூர்யவன்ஷி ஏப்ரல் 28-இல் குஜராத்துக்கு எதிராக 35 பந்துகளில் சதமடித்தார். ஆக, சஞ்சுவின் இடத்தில் வெற்றிடம் ஏற்படவில்லை. வெற்றிடம் ஏற்பட்டது ஜோஸ் பட்லரைத் தக்கவைக்காமல் விட்டதால். அவர் குஜராத்துக்குச் சென்று அதே தொடரில் 538 ரன் குவித்தார். இது காயமல்ல, முடிவு.

விளையாட்டில் எதற்கு இத்தனை கணக்கு என்று கேட்கலாம். கோடிக்கணக்கில் பணம் புழங்கும், பல்லாயிரம் பேர் கட்டணம் செலுத்திப் பார்க்கும் அமைப்பு இது. வெள்ளம் வந்தால் மழையைக் கைகாட்டும் மாநகராட்சியை நாம் விட்டுவிடுவதில்லை. வடிகாலைத் தூர்வாரினீர்களா என்றுதான் கேட்கிறோம். மழை எவர் கையிலும் இல்லை, வடிகால் உங்கள் கையில் இருந்தது என்பதே அக்கேள்வியின் பொருள். காயம் மழையைப் போன்றது. மாற்று வீரர்களை வளர்ப்பதும் உரியவரை ஏலத்தில் எடுப்பதும் வடிகாலைப் போன்றவை.

இதில் பாதிக்கப்படுவோர் ரசிகர்கள் மட்டுமல்லர், வீரர்களும்தான். அடிபட்ட பின்னும் கெய்க்வாட் இரண்டு ஆட்டங்களில் களமிறங்கினார். அவற்றில் எடுத்த ரன்கள் முறையே 5, 1. ஆயத்தமான மாற்று ஆள் இல்லாத அணியில் எந்தத் தலைவரும் தாமாக ஒதுங்கி நிற்கத் தயங்குவார். காயத்தைச் சாக்காக ஏற்றுக்கொள்ளும் சூழலில் தோல்வியின் பழி நிர்வாகத்தை விட்டு, வலியுடன் ஆடிய வீரரின் தலையில்தான் விழுகிறது. இது இரட்டை அநீதி.

சென்னை நிர்வாகத்தின் பிந்தைய நடவடிக்கைகளே இவ்வழக்கின் தீர்ப்பை எழுதிவிட்டன. மாத்ரே, பிரெவிஸ், உர்வில் மூவரையும் அது தக்கவைத்துக்கொண்டது. 2025 டிசம்பர் 16-இல் அபுதாபியில் நடைபெற்ற ஏலத்தில், இந்திய அணிக்கு அதுவரை ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவரையும் தலா ரூ. 14.20 கோடிக்கு வாங்கியது. அனுபவத்தையே பெரிதும் நம்பிய அணி, இளைஞர்கள் பக்கம் திரும்பியது. காயம் மட்டுமே குற்றவாளி எனில், உடல் தேறிய கெய்க்வாட் திரும்பியதே போதுமே. அணியையே மாற்றி அமைப்பானேன்?

சஞ்சுவின் வருகையையும் இதே தெளிவுடன் அணுகுவது அவருக்கும் நல்லது, அணிக்கும் நல்லது. ஒருவர் விலகியதால் அணி வீழ்ந்தது என்று நம்பினால், ஒருவர் வந்ததும் அணி எழுந்துவிடும் என்றும் நம்ப நேரிடும். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். இனி ஒரு தொடர் கசப்பாக முடிந்தால், சாலைக் கடைவீதித் தமிழரும் விழிஞ்ஞத்து மலையாளியும் கேட்க வேண்டியது, யாருக்குக் காயம் என்பதை அல்ல. காயம் வரும் முன் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தீர்கள் என்பதையே.