சாயக்கழிவுக்கு விலை வைத்த சட்டம்

ஒரு தொழிற்சாலை எதை எரிக்கிறது, கழிவுநீரை எங்கே விடுகிறது என்பவை முதலாளியின் மனச்சாட்சியைப் பொறுத்தவை என்றே கிராமங்களில் பேசப்படுகிறது. நல்லவராக இருந்தால் சுத்தம் செய்வார், இல்லாவிட்டால் ஆற்றில் விடுவார் என்பது பொதுவான எண்ணம். நொய்யல் ஆற்றுப் படுகையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் போதாது என்பது விளங்கும். எது மலிவு, எது செலவு என்பதைச் சட்டமும் சலுகையும் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கின்படியே தொழில் நடக்கிறது. சட்டம் எழுதப்படும் இடத்தில் விவசாயியின் குரல் இல்லையென்றால், அந்தக் கணக்கில் அவருடைய கிணறும் நிலமும் சேர்வதில்லை.

அணையில் தேங்கிய உப்பு

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. 1980களில் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. கூடவே சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு ஏராளமாகத் தேவைப்படுகிறது. சாயம் துணியில் தங்கிவிடும். உப்போ அநேகமாக முழுவதும் கழிவுநீருடன் வெளியேறிவிடும்.

சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பகுதிகளின் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் பயிருக்கு ஆகாத தண்ணீர் தேங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளும் உப்பேறின. பாசனத்துக்கு அணை வேண்டும் என்று காத்திருந்த விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது.

சட்டம் இல்லாததால் இது நேர்ந்தது என்று சொல்ல முடியாது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைக்கப்பட்டது. ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு உண்டாக்கும் தொழில்களைத் தொடங்கலாகாது என்ற அரசாணை 1989இல் வெளியாயிற்று. சட்டமும் வாரியமும் ஆணையும் இருந்தும் கழிவுநீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வந்தது. லட்சக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. அவர்களில் பலர் நொய்யல் கரை விவசாயிகளின் பிள்ளைகளே. ஆகவே கண்டிப்புக் காட்ட எந்த அரசும் தயங்கியது. கழிவை ஆற்றில் விடுவதற்குச் செலவு ஏதும் இல்லாதபோது, சுத்தம் செய்பவர் போட்டியில் பின்தங்குவார் என்பதே அன்றைய கணக்கு.

லிட்டருக்கு 6 காசு

இந்தக் கணக்கை மாற்றியவை நீதிமன்றங்கள். வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதிப்படுத்தியது. அதையொட்டி இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. நொய்யல் படுகையில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2004 டிசம்பரில் அந்த ஆணையம் தீர்ப்பளித்தது. தலைக்குப் பங்கிட்டால் 9 ஆயிரம் ரூபாய்கூட வராது. கிணறும் நிலமும் கெட்டுப்போன குடும்பத்துக்கு இது எம்மாத்திரம்?

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் அளித்த உத்தரவு முக்கியமானது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு 2007 ஜூலைக்குள் பட்டறைகள் மாற வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு இது 6,000 முதல் 10,000 ரூபாய் வரை ஆகும். அதுவரை பேரேட்டில் இடம்பெறாத ஆறு, அன்றுதான் செலவுப் பக்கத்தில் ஏறியது.

உச்ச நீதிமன்றம் 2009இல் இதை உறுதி செய்து மேலும் மூன்று மாத அவகாசம் தந்தது. அப்போதும் உத்தரவு முழுமையாக நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதன் பிறகே கழிவு வெளியேறாத முறை திருப்பூரில் நிலைபெற்றது. இதற்கென மத்திய அரசு 2010-11 வரவு செலவுத் திட்டத்தில் 200 கோடி ரூபாய் மானியம் அறிவித்தது. மாநில அரசும் வட்டியில்லாக் கடன் தந்தது. தொழிலைக் காக்க உதவியது தவறல்ல. ஆனால் 2004இன் இழப்பீட்டுத் தொகையை இந்த மானியத்துடன் ஒப்பிட்டால், அரசின் காதுக்கு யாருடைய குரல் எளிதில் எட்டுகிறது என்பது தெரியும்.

நிலம் தாங்கும் அளவு எது?

விதிகளில் எழுதப்படும் எண்களையும் விவசாயிகள் கவனிக்க வேண்டும். கழிவுநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. மின்கடத்துத் திறனில் சொன்னால் இது ஏறக்குறைய 3.3 டெசிசைமன்ஸ். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியின்படி 0.7க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 3க்கு மேல் போனால் அந்நீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தக் கடும் கட்டுப்பாடு தேவை. அதாவது, விதியை மீறாமல் விடப்படும் கழிவுநீரும் பயிரைப் பாதிக்கக்கூடும். அந்த எண் நிர்ணயிக்கப்பட்டபோது பயிரின் கணக்கு மேலோங்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

ஆற்றைக் காக்க எரியும் விறகு

கழிவு வெளியேறாத முறை இலவசமாகக் கிடைப்பதல்ல. சாயநீரை மிக உயர்ந்த அழுத்தத்தில் சவ்வுகளின் வழியே தள்ளி நல்ல நீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். எஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றவைக்க நீராவி வேண்டும். அதற்குக் கொதிகலன்களில் விறகோ நிலக்கரியோ எரிகிறது. வடித்தெடுத்த உப்பில் ஒரு பகுதி மீண்டும் சாயமேற்றப் பயன்படுகிறது. பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடக்கிறது. ஆற்றுக்குப் போன சுமை, புகையாகவும் உப்பு மூட்டையாகவும் வேறிடம் சேர்கிறது. 2011க்குப் பின் சிலர் துணியை வெளிமாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றினர். வேறு மாவட்டங்களில் அனுமதியின்றிப் பட்டறைகள் நடப்பதாகவும் புகார்கள் எழுந்தன. ஓர் ஆற்றுக்கு மட்டும் கண்டிப்புக் காட்டினால், அடுத்த ஆற்றின் கரையிலுள்ள விவசாயி விழித்திருக்க வேண்டும்.

எரிசக்தியிலும் இதே கதைதான். கொங்கு நாட்டின் மில் உரிமையாளர்களும் பனியன் உற்பத்தியாளர்களும் காற்றாலைகளில் முதலீடு செய்ததற்கு முக்கியக் காரணம் வருமான வரியில் கிடைத்த விரைவுத் தேய்மானச் சலுகை. முதல் ஆண்டிலேயே முதலீட்டின் பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ள அது வழி செய்தது. 2012 ஏப்ரலில் அச்சலுகை நிறுத்தப்பட்டதும் நாடெங்கும் அவ்வாண்டில் புதிய காற்றாலைகள் நிறுவப்படுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2014இல் சலுகை திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் காற்று வீசாமல் இல்லை. வரி விதிதான் மாறியிருந்தது.

விவசாயிக்கும் இது பொருந்தும்

தொழிலதிபரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயப் பம்புசெட்டுகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. சிறு விவசாயிகளுக்கு அது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தண்ணீரை இறைப்பதற்குக் காசு இல்லை என்றானபின் ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாயின. திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் கிணற்று நீரை லாரி லாரியாகப் பட்டறைகளுக்கு விற்ற விவசாயிகளும் உண்டு. விற்ற தண்ணீரே சாயமாகி ஆற்றில் இறங்கிப் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. கழிவுநீருக்கு விலை இல்லாதபோது பட்டறைக்காரர் செய்ததையே, மின்சாரத்துக்கு விலை இல்லாதபோது விவசாயியும் செய்தார். இலவசத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பும் விவசாயி, அந்தத் தண்ணீரை விற்காமலும் வீணாக்காமலும் இருப்பது அவசியம். இல்லையேல், சலுகையை நிறுத்தச் சொல்பவர்களுக்கு அவரே சாட்சியாகிவிடுவார்.

செய்ய வேண்டியவை

நொய்யல் விவசாயிகள் அணை கெட்ட பின் நீதிமன்றப் படியேறி, முடிவைக் காணப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அந்த நிலை மற்றவர்களுக்கு வராதிருக்கச் சிறு விவசாயிகள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கிணற்று நீரை ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சோதித்துக்கொள்ள வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, அதே நீரால் கழுவிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். வரும் முடிவுகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவைக்க வேண்டும். ஆலை வருவதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாதவர், பிறகு எதையும் நிரூபிப்பது கடினம்.

இரண்டாவது, தேதியைத் தவறவிடக் கூடாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோருவோர், பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, அருகிலுள்ள ஆலைக்கு வாரியம் அளித்த அனுமதியின் நிபந்தனைகளையும் நீர்ச் சோதனை அறிக்கைகளையும் கேட்டுப் பெறலாம். கேட்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே அதிகாரிகளின் கவனம் கூடும்.

நான்காவது, பெரிய ஆலைகளும் மின் நிலையங்களும் வருமுன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியிருந்தால், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இக்கூட்டங்களில் சத்தம் போடுவதைவிட எழுதிக் கொடுப்பதே பலன் தரும். கழிவில் உப்பு எவ்வளவு, அதை எங்கே வைப்பார்கள், கொதிகலனுக்கு எதை எரிப்பார்கள், அளவை மீறினால் லிட்டருக்கு என்ன கட்டுவார்கள் என்று எண்களாகக் கேட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, இவற்றைத் தனியாளாகச் செய்வதைவிட ஆயக்கட்டுச் சங்கமாகவோ கிராம சபைத் தீர்மானமாகவோ செய்வது நல்லது. நொய்யலில் வழக்கை நடத்தி வென்றது சங்கம்தான்.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் கடன் தள்ளுபடி பற்றியும் இலவச மின்சாரம் பற்றியும் பேசுவார்கள். ஆற்றில் விடப்படும் உப்புக்கு என்ன அளவு, மீறினால் என்ன கட்டணம், அதைக் கண்காணிக்க மாவட்டத்தில் எத்தனை பேர் என்ற கேள்விகளையும் அவர்களிடம் கேட்டுப் பதில் பெறுவது சிறு விவசாயிகளின் பொறுப்பாகும்.