பதிவு இல்லையேல் தொழில் இல்லை!

பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்க்கு முதல் வைத்தியர் யார்? டிரசர்தான். நள்ளிரவில் பிரசவ வலியென்றாலும், பெரட்டுக்கு முன்னே பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் நாம் ஓடிப்போய்த் தட்டியது அவர் கதவையே. ஆனால் அந்நாளில் துரை வைத்தால் அவர் டிரசர். துரை நீக்கினால் வெறும் ஆள்.

1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. டிரசரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. துரை மாறினாலும் தோட்டம் மாறினாலும் அவருடைய தொழில் அவரோடு போகும் என்றாயிற்று. நோயாளிக்கும் அதுவே காப்பு; தவறு நேர்ந்தால் கேட்க ஓர் இடம் உண்டல்லவா?

இன்று தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் மருத்துவமனை வேலை தேடுகிறார்கள். தாதியர்க்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ உதவியாளர்க்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டம், கண் பரிசோதகர் நீங்கலாக இயன்முறை மருத்துவர் முதலியோர்க்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம். எங்கும் ஒரே பேச்சு: பதிவு இல்லையேல் தொழில் இல்லை.

"இது படித்தவன் நமக்குப் போட்ட வேலி" என்பாரும் உண்டு. வேலிதான், மறுக்கவில்லை. ஆனால் வேலிக்கு வாசலும் உண்டு. அவ்வாசலை நம் பிள்ளைகளுக்கு அடைப்பவை எவை?

முதலாவது, எஸ்.பி.எம். தேர்வு. மலாயிலும் கணிதத்திலும் அறிவியலிலும் கிரெடிட் இல்லாத பிள்ளை வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது, பிறப்புப் பத்திரமும் நீல அடையாளக் கார்டும். லயத்தில் பிறந்து, பதியாமல் விடப்பட்ட பிள்ளை எவ்வளவு படித்தும் என்ன பயன்? மூன்றாவது, அங்கீகாரமில்லாத பயிற்சி. தகப்பனார் சேமநிதிப் பணத்தைக் கட்டிப் படிக்க வைத்தபின், "இச்சான்றிதழ் செல்லாது" என்று கேட்கும் கொடுமை வேறெவர்க்கும் வரலாகாது.

தோழர்களே! பிள்ளை பிறந்தவுடன் பதியுங்கள். கல்லூரிக்குப் பணம் கட்டுமுன், அப்படிப்பை உரிய வாரியம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கிராணிமார்களே! பாரம் நிரப்புவது உங்களுக்குக் கைவந்த வேலை. மாதம் ஒரு ஞாயிறு, பால்வெட்டுத் தோழர்களின் பிள்ளைகளுக்காக அதைச் செய்யலாகாதா? சங்கமும் பதிவுக் கட்டணத்திற்குக் கைகொடுக்க முன்வரல் வேண்டும்.

சம்பளத்திற்காகப் போராடிய சங்கம், அடுத்த தலைமுறையின் பெயர் பதிவேட்டில் ஏறவும் போராடட்டும்!