மூழ்கினால் மொழி வருமா?

பிரெஞ்சு மொழியில் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவனுக்கும் கடலுக்குள் மூழ்குகிறவனுக்கும் சொல் ஒன்றுதான்: 'புளோன்ஜர்'. எண்பதுகளில் பாரிஸ் போய்ச்சேர்ந்த எங்கள் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் பலர் அந்த மொழியில் முதலில் கற்ற சொற்களுள் இதுவும் ஒன்று. விசாவோ உறவோ இல்லாதவனுக்கு வேலை தரும் முதல் இடம் அந்தப் பாத்திரத் தொட்டிதான். ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல்கூடப் பாரிஸில் அதே தொட்டியில் கை நனைத்தவர். 1933இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் அந்த அனுபவத்தையும் சொல்வது.

அண்மைக்காலமாக எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. பிள்ளையைப் பிரான்சுக்கு அனுப்பி, ஒரு மொழிப் பள்ளியில் சேர்த்து, அந்த நாட்டுக் குடும்பம் ஒன்றுடன் தங்கவைத்தால் ஆறு மாதத்தில் பிரெஞ்சு வந்துவிடுமா? செலவழிக்கலாமா? 'முழுக்கு முறை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கற்கும் மொழியைத் தவிர வேறு மொழிக்கு இடம் தராமல், குழந்தை தாய்மொழியைக் கற்பதுபோலக் கற்கவைப்பது. இது புதியது அன்று. அமெரிக்காவின் மிடில்பெரி கல்லூரி 1915இல் ஜேர்மன் மொழிக்கும் மறு ஆண்டு பிரெஞ்சுக்கும் இத்தகைய கோடைகாலப் பள்ளிகளைத் தொடங்கியது. அங்கே படிக்கப் போகிறவர் வேறு மொழி பேசேன் என்று ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும்.

கேள்விக்கு நேரே பதில் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். மூழ்கினால் மொழி வரும் என்பது உண்மையானால், பாரிஸில் முப்பது ஆண்டுகள் மூழ்கியிருக்கும் எங்கள் ஆட்களில் இத்தனை பேருக்கு ஏன் அது வரவில்லை?

சோம்பல் என்று சொல்வோர் உண்டு. நான் ஏற்கமாட்டேன். காலையில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று உழைத்துத் தங்கைமாருக்குச் சீதனமும் தம்பிமாருக்குப் பயணச் செலவும் தேடியவர்களை அந்தச் சொல்லால் குறிப்பது அநியாயம். காரணம் வேறு. பாத்திரத் தொட்டியில் நிற்பவனோடு யாரும் பேசுவதில்லை. அவனுக்குக் கிடைப்பன கட்டளைகள்: கொண்டா, வை, சுறுக்காய்ச் செய். இருபது சொற்களோடு அந்த உலகம் முடிகிறது. அருகே நிற்பவனும் மாலியோ வங்காளமோ தந்த இன்னொரு அகதி. வேலை முடிந்து வந்தால் நாலுபேர் தங்கும் அறை. அங்கே பேச்சு ஊர்ப் பேச்சு. விடுமுறை நாளில் லா சப்பல். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்புறம் கடைப்பெயர்கள் தமிழில் இருக்கும் தெருக்கள், முருங்கைக்காய், நல்லெண்ணெய், 1985இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயம். அதில் பிழை எதுவும் இல்லை. அந்த நிழல் இல்லாதிருந்தால் பலருக்குப் புத்தி பேதலித்திருக்கும். ஆனால், நீருக்குள் இறக்கிய போத்தல் மூடியிருந்தால் உள்ளே ஒரு சொட்டும் போகாது.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். இதற்கு நேரெதிரான காட்சி இங்கேதான் நடந்தது, அதுவும் பிரெஞ்சுக்காரரை வைத்து.

அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் முதன்முதலாக இலங்கைக்கு வந்தது 1847இல். பின்னர் யாழ்ப்பாண மறைமாவட்டம் அவர்கள் பொறுப்பில் வந்தது. 1868இல் யாழ்ப்பாணத்தின் ஆயரான கிறிஸ்தோப் பொன்ஜான், அவருக்குப் பின் 1893 முதல் இருந்த ஹென்றி ஜூலேன், 1924 முதல் 1950 வரை இருந்த கியோமார் ஆண்டகை எல்லோரும் பிரான்சிலே பிறந்தவர்கள். இவர்களோடு வந்த குருமாருக்கு எங்கள் தமிழ் எப்படி வந்தது? இலக்கணமும் படித்தார்கள்தான். ஆனால் கரையோரக் கிராமம் ஒன்றின் பங்குக்குப் போகும் குருவானவர் அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும். வலை கிழிந்ததையும் அண்ணன் தம்பி வேலிச் சண்டையையும் கள்ளுக் குடித்ததையும் கிழவி ஒருத்தி தாழ்ந்த குரலில் விரைவாகச் சொல்லிக்கொண்டே போவாள். விளங்கவில்லை என்றால் அவருடைய தொழிலே இல்லை. ஊரே அவரோடு பேசியாக வேண்டும்; அவரும் ஊருக்குக் காது கொடுத்தாக வேண்டும். மொழிப் பள்ளிகள் காசு வாங்கிக்கொண்டு உண்டாக்கித்தர முயலும் நிலைமை இதுதான்.

ஆகவே முழுக்கு என்பது மொழி நடுவே இருப்பதன்று. அந்த மொழிக்காரர் உங்களோடு பொறுமையாகப் பேசும் நிலையில் இருப்பது. ஆயர் மூழ்கிய தண்ணீரும் பாத்திரம் கழுவுபவன் மூழ்கிய தண்ணீரும் வேறு வேறு. ஒருவரைக் கண்டு ஊர் எழுந்து நின்றது. மற்றவனை யாரும் காணவே இல்லை. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அல்லைப்பிட்டிக்காரரான எழுத்தாளர் ஷோபாசக்தி அதன் நாயகன். கட்டடக் காவலாளியாகும் அந்த மனிதன் துப்புரவாக்கித் துப்புரவாக்கியே நாட்களைக் கழிக்கிறான். பள்ளிக்கூடம் போகும் சிறுமிக்கோ மொழி வாய்க்கிறது.

இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கனடாவின் கியூபெக்கில் 1965இல், மொன்றியலுக்கு அருகே சென் லம்பேர் என்ற ஊரில், ஆங்கிலேயப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளை முழுக்க முழுக்கப் பிரெஞ்சிலேயே பாலர் வகுப்பில் படிக்கவைக்கும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வலஸ் லம்பேர்ட் அதனை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பிள்ளைகள் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களின் ஆங்கிலம் குன்றவில்லை. உலகெங்கும் முழுக்கு முறைக்கு இன்றுள்ள பெயர் பெரிதும் அங்கிருந்து வந்ததே. ஆனால் அதே லம்பேர்ட் பின்னர் ஒரு வேறுபாட்டையும் எடுத்துரைத்தார். ஒரு மொழியோடு இன்னொன்று கூடுவது ஒன்று. ஒன்று வர மற்றது கழிந்துபோவது இன்னொன்று. சென் லம்பேர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் கடையிலும் கண்டம் முழுவதிலும் ஆங்கிலம் காவல் நின்றது. பாரிஸின் புறநகரிலே பிறந்த எங்கள் பிள்ளையின் தமிழுக்குக் காவல் யார்? அப்பா நள்ளிரவில் வருகிறார். அம்மாவோடு பேசும் பேச்சு 'சாப்பிடு, படி, படு' என்பதோடு நின்றுவிடுகிறது. எட்டு வயதில் அது வைத்தியசாலையில் தாயின் கருப்பைக் கோளாற்றை வைத்தியருக்கு மொழிபெயர்க்கிறது. அந்த வயதுக்குரிய வேலையா அது? தாய்க்குச் சொல்லக் கூச்சம். பிள்ளைக்குச் சொற்கள் தெரியாது. வைத்தியருக்கு இடையில் எதுவோ வந்து சேர்கிறது.

வட்டுக்கோட்டையில் எங்கள் முன்னோருக்கு நடந்தது கூட்டல். 1823இல் அமெரிக்க மிசனரிமார் அங்கே செமினரியைத் தொடங்கியபோது பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் வைத்தார்கள். சிலருக்குப் பெயரைக்கூட மாற்றினார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களே சான்று. ஆங்கில முழுக்குத்தான். ஆனால் தமிழ் இலக்கணத்தையும் அங்கேயே ஆழமாகக் கற்பித்தார்கள். அதனால்தான் அங்கிருந்து வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகவும், பின்னாளில் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவராகவும் இருக்க முடிந்தது. (ஆங்கிலம் படித்த பொடியன்கள் ஊழியத்தை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று பொஸ்ரனிலிருந்து வந்தவர்கள் முறைப்பட்டு, 1855இல் செமினரியை மூடியது வேறு கதை. உத்தியோகம் தேடுவது எங்களுக்கு அன்றே பழக்கம்.)

இப்போது இந்த விடயம் வெறும் கல்விப் பேச்சன்று. பிரான்சின் பிரசாவுரிமைக்கு 2012 முதல் வாய்மொழித் தேர்ச்சிக்கு அத்தாட்சி கேட்டார்கள். 2020 முதல் எழுத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். 2024 ஜனவரிச் சட்டத்தின் பயனாக, 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பிரசாவுரிமைக்கு 'பி 2' என்ற படி வேண்டும். பத்தாண்டு வதிவிட அட்டைக்குப் பொதுவாக 'பி 1'. 'பி 2' என்றால் பத்திரிகைக் கட்டுரையை வாசித்து விளங்கி, மறுத்து எழுதத் தெரிய வேண்டும். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன்: தாய்மொழியிலேயே அதைச் செய்யத் திணறுவோர் அநேகம். இருபது ஆண்டு வரி கட்டியவனும், பிள்ளைகளை அந்த நாட்டுக்குப் பொறியியலாளராகக் கொடுத்த தாயும் இந்தப் படியின் முன் நிற்கிறார்கள். அரசு மொழி கேட்பது நியாயமே. ஆனால் இரவு வேலைக்காரன் எந்த நேரத்தில் அதைக் கற்பான் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

பதிலின் ஒரு பாதி இங்கே, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. இங்கே பிரெஞ்சு படிக்க விரும்புகிறவன் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே படிக்கிறான். காங்கேசன்துறைக்குக் கொழும்பைச் சுற்றிப் போவது போன்றது அது. பிரெஞ்சுக்காரன் 'எனக்கு இருபது ஆண்டுகள் உண்டு' என்று வயது சொல்கிறான். 'எனக்குப் பசி உண்டு' என்கிறான். ஆங்கிலத்தில் 'நான் பசியாய் இருக்கிறேன்'. எது எங்களுக்குக் கிட்ட? 'து' என்றும் 'வூ' என்றும் ஆளறிந்து விளிக்கிறான். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இன்று வழக்கில் இல்லை. எங்களுக்கோ நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு! யாரை 'நீர்' என்று சொல்வது என்று அறிந்த யாழ்ப்பாணத்தானுக்கு எங்கே 'வூ' போட வேண்டும் என்று ஒரு மாலையில் சொல்லிக்கொடுக்கலாம். உண்மையில் சிரமம் தருவன பால் பாகுபாடும் மூக்கொலி உயிர்களும்தான். மேசை பெண்பால், அலுவலகம் ஆண்பால் என்பதற்கு நியாயம் தேடாமல் மனனம் செய்ய வேண்டியதுதான். எண்பதை 'நான்கு இருபது' என்பார்கள். லோசானில் இருக்கும் மச்சான் எண்பதுக்குத் தனிச்சொல் வைத்திருப்பான், குழம்பக்கூடாது. புதுச்சேரியில் மூசே, டுப்புயி ஆகிய பாதிரிமார் தமிழ்–பிரெஞ்சு அகராதியின் முதற் பாகத்தை 1855இலேயே அச்சிட்டுவிட்டார்கள். செமினரி மூடிய அதே ஆண்டு. அடித்தளம் இட்டுப் பல காலம் ஆயிற்று. மேலே சுவர் எழுப்பத்தான் ஆளில்லை.

எனவே, மின்னஞ்சல் எழுதிய பெற்றோருக்கு: பள்ளிக்கு அனுப்புங்கள், வசதி இருந்தால். ஆனால் இங்கே ஆறு மாதம் தமிழ் வழியாக அடிப்படையைக் கற்பித்துவிட்டு அனுப்புங்கள். அங்கே சித்தப்பா வீட்டில் தங்கவைக்காதீர்கள். சித்தப்பா கோபித்தால் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சமாதானம் செய்யலாம். பகுதிநேர வேலை தேடினால் பின்கட்டில் வேண்டாம். சம்பளம் குறைந்தாலும் பாண் விற்கும் கடையின் முன்மேசையில், வயோதிபர் இல்லத்தில், பேச ஆள் இருக்கும் இடத்தில் தேடட்டும். தனிமையிலிருக்கும் முதியவர்களைப் போல் மொழி கற்பிக்கப் பொறுமை உள்ளவர்கள் வேறு இல்லை.

அங்கேயே நெடுங்காலம் இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆவணி பிறக்கும் முன்னே நல்லூர்த் திருவிழாவுக்கு உங்களிற் பலர் வந்து இறங்குவீர்கள். இருபத்தைந்து நாள் திருவிழாவில் காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் இடையே வெயில் நேரம் நீளமானது. எங்கள் வாசிகசாலை மண்டபம் அந்த நேரத்தில் வெறுமையாகத்தான் கிடக்கிறது. கரும்பலகை உண்டு, கதிரைகள் முப்பது உண்டு, மின்விசிறி இரண்டில் ஒன்று சுழலும். பிரெஞ்சு தெரிந்தவர்கள், முக்கியமாக வகுப்புக்குப் போகாமல் அடிபட்டுக் கற்ற பெண்கள், இரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளைச் சேர்ப்பது என் பொறுப்பு.