தும்புச் சோறும் அரசாங்கமும்

2021-ஆம் ஆண்டு மே மாதத்து வர்த்தமானி அறிவித்தல் ஒன்று இரசாயனப் பசளை இறக்குமதியைச் சடுதியில் நிறுத்திற்று. கூட்டெருவுக்கு மாறுக என்றது அரசாங்கம். கூட்டெரு எங்கே என்றான் கமக்காரன். மறுமொழி இல்லை. நவம்பரில் தடை தளர்ந்தது. இழந்த காலபோகம் மீளவில்லை.

எனினும், மண்ணுக்குச் சேதனப் பொருள் வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லின் மேல் மண் ஒரு மெல்லிய போர்வையே. மிகையாக இட்ட பசளை கிணற்று நீரில் நைத்திரேற்றாக நிற்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தும்பாலைகளில் எஞ்சும் தும்புச் சோறு தன் நிறையைப்போற் பன்மடங்கு நீரைத் தாங்குவது. பிறநாட்டார் அதனைக் கட்டிகளாக வாங்கிச் சென்று கண்ணாடி வீடுகளிற் பயிர் வளர்க்கின்றனர். நாமோ அதனைக் குப்பையென்கிறோம்!

பச்சையாக இடுதல் தகாது. அதில் 100 பங்கு காபனுக்கு ஏறத்தாழ 1 பங்கு நைதரசனே உண்டு. நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைப் பறித்துக்கொள்ள, பயிர் மஞ்சளிக்கும். உவர்நீரில் ஊறிய மட்டையின் சோறாயின் உப்பையும் கழுவி நீக்கல் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கண்ட முறையில், 1 தொன் சோற்றுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரங்காத்து மட்கச் செய்கின்றனர். (அந்த 5 கிலோவையும் தடுத்த மதியூகத்தை என்னென்பது!) யூரியா வேண்டாதார் மாட்டெருவும் கிளிசரிடியாத் தழையும் சேர்க்கலாம்.

விவசாயம் 1987-ஆம் ஆண்டின் 13-ஆம் திருத்தப்படி மாகாணத்துக்கும் உரியது. மாகாணத் திணைக்களமும் கூட்டுறவுச் சங்கங்களும் தும்பாலை முற்றங்களிலேயே கூட்டெருக் குவியல்களை அடுத்த காலபோகத்துக்கு முன் தொடங்கட்டும். கொழும்பின் ஆணைக்கு இதிற் காத்திருப்பானேன்?