கழகம் யாருக்குச் சொந்தம்?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை (வரலாறு)

ஒரு மளிகைக் கடை மூடப்பட்டால் வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார். இரண்டு நாள் வருத்தப்படுவார். மூன்றாம் நாள் பழைய கடைக்காரரை மறந்துவிடுவார். ஆனால் ஒரு கால்பந்துக் கழகம் மூடப்பட்டால் அதன் ரசிகர் எங்கே போவார்? பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போய்க் கைதட்டுவாரா? ஒருநாளும் மாட்டார். பக்கத்து ஊர்க் கழகத்தைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காகவே வாழ்நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவர் அவர்! வாடிக்கையாளருக்கும் ரசிகருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறந்ததனால்தான் இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் பல சீரழிந்தன என்பது என் கருத்து. அதனை மாணவ நண்பர்கள் முன்னிலையிலும் பேராசிரியப் பெருமக்கள் முன்னிலையிலும் வைக்க விழைகிறேன்.

முதலில் இக்கழகங்கள் பிறந்த கதையைப் பார்ப்போம். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தது. உழைப்பாளிக்கு வாரத்தில் ஓர் அரைநாள் ஓய்வு கிடைத்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் என்னும் வழக்கம் அந்த அரைநாளில்தான் வேர்கொண்டது. இன்று உலகப் புகழ்பெற்ற மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் நியூட்டன் ஹீத் என்னும் இடத்தில் ரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய கழகம். ஆர்சனல் 1886இல் உல்விச் ஆயுதச் சாலைத் தொழிலாளர் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் 1895இல் தேம்ஸ் நதிக்கரையிலிருந்த கப்பல் கட்டும் தொழிற்சாலையில் தோன்றியது. எவர்ட்டன் 1878இல் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தைச் சார்ந்து பிறந்தது. 1888இல் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்து லீக் போட்டியைத் தொடங்கியபோது அவற்றுள் லண்டன் மாநகரக் கழகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆலைப் புகை சூழ்ந்த வடபகுதியையும் நடுப்பகுதியையும் சேர்ந்தவை. ஊரும் உழைப்பும் பெற்ற பிள்ளைகள் இவை என்றால் மிகையாகாது.

காலப்போக்கில் கழகங்கள் கம்பெனிகளாகப் பதிவு செய்யப்பட்டன. ஆனால் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அப்போதே ஒரு வேலி போட்டது. பங்குதாரருக்குக் கொடுக்கும் இலாபப் பங்குக்கு வரம்பு. இயக்குநர்களுக்குச் சம்பளம் கிடையாது. இது 34ஆம் விதி எனப்பட்டது. கழகத்தை நடத்துபவர் அதைத் தாங்கிப் பிடிப்பவராக இருக்கலாம், அதைக் கறந்து குடிப்பவராக இருக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். இந்த வேலி 1980களில் பிரிந்தது. 1983இல் டாட்டன்ஹாம் கழகத்தார் கழகத்துக்கு மேலே வேறொரு கம்பெனியை நிறுவி, அந்தக் கம்பெனியின் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் விற்றனர். விதி கழகத்தைத்தானே கட்டும், மேலே இருக்கும் கம்பெனியைக் கட்டாதே! இலாபத்துக்கு வழி திறந்துவிட்டது.

அதே பத்தாண்டில்தான் ரசிகர் என்ற சொல்லே இங்கிலாந்தில் வசைச் சொல்லாக மாறியது. காரணம் இல்லாமல் இல்லை. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்கியதில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியர். இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்தாண்டுக் காலம் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. கறுப்பு நிற ஆட்டக்காரர்கள் மீது வாழைப்பழத்தை எறிந்த கொடுமையும் அக்காலத்தில் நடந்தது. ரசிகர் செய்த தீமையை மறைத்து ரசிகருக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது.

ஆனால் அந்த வசை எங்கே கொண்டுபோய் விட்டது? 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், இரும்பு வேலிக்குள் ஆடுமாடுகளைப் போல் அடைக்கப்பட்ட லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினர். அந்த விபத்தால் உயிரிழந்தோர் தொகை 97. குடிகார ரசிகர்களே காரணம் என்று காவல்துறை தரப்பு பழி சுமத்தியது. செய்தித்தாளும் அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டது. இறந்தவர்களின் தாய்மாரும் தந்தையரும் 27 ஆண்டுகள் போராடினர். 2016இல்தான் மரண விசாரணை நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர், ரசிகர் மீது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ரசிகன் என்றாலே ரௌடி என்று முத்திரை குத்திவிட்டால் அவன் உயிருக்குக்கூட மதிப்பில்லாமல் போகிறது. அவன் உரிமைக்கு எங்கே மதிப்பிருக்கும்?

ஹில்ஸ்பரோவுக்குப் பின் மைதானங்கள் திருத்தப்பட்டன. எல்லாருக்கும் இருக்கை வந்தது. அது நல்லதே. 1992இல் பிரீமியர் லீக் பிறந்தது; தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. அதோடு நுழைவுக் கட்டணமும் ஏறியது. இருக்கை போடுவதற்காகக் கட்டணம் பெரிதும் உயர வேண்டியதில்லை என்று விசாரணை செய்த நீதிபதி டெய்லர் கருதியிருந்தும் அது ஏறியது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கழகம் மிக உயர்ந்த கட்டணத்தை 77 பவுன் ஆக்கப்போவதாக அறிவித்தபோது, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது! சில நாட்களில் கழகம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

பெரிய கழகங்களுக்குக் கட்டணம்தான் வழக்கு. சிறிய கழகங்களுக்கோ உயிரே வழக்கு. மான்செஸ்டருக்கு அருகே பரி என்றோர் ஆலை ஊர் இருக்கிறது. அதன் கழகம் 1885இல் தோன்றி 1894இல் லீக்கில் சேர்ந்தது. 1900, 1903 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, இரண்டாம் முறை டெர்பி கவுண்டியை 6-0 என்று வீழ்த்தியது. இத்தகைய கழகம் 2018 டிசம்பரில் கடன் சுமையோடு ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறியது. நண்பர்களே, ஒரு பவுன்! அடுத்த வசந்தத்தில் ஆட்டக்காரர்கள் சம்பளம் சரிவரக் கிடைக்காத நிலையிலும் ஆடி, மேல் பிரிவுக்கு உயரும் தகுதியைப் பெற்றுத் தந்தனர். என்ன பயன்? கடனைத் தீர்க்கப் பணம் இருக்கிறது என்று காட்ட உரிமையாளரால் முடியவில்லை. 2019 ஆகஸ்டு 27 அன்று கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அன்று பகலில்கூட, புதியவர் யாரோ வாங்கப்போகிறார் என்ற நம்பிக்கையில், ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து கிக் லேன் மைதானத்தைக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கடை மூடப்படும் நாளில் கடையைப் பெருக்கித் தரும் வாடிக்கையாளர் எவரேனும் உண்டா?

லண்டனின் விம்பிள்டன் கதை வேறு வகை. 1988இல் வலிமை மிக்க லிவர்பூலை 1-0 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றிய கழகம் அது. 2002 மே மாதம் மூவர் குழு ஒன்று அக்கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகருக்குப் பெயர்த்துச் செல்ல அனுமதி தந்தது. ஊரை விட்டுக் கழகம் போயிற்று. பின்னர்ப் பெயரும் மாறிற்று. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அழுதுவிட்டு வீட்டிலிருக்கவில்லை. சில வாரங்களுக்குள் ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரர் தேர்வு நடத்தி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் தங்கள் சொந்தக் கழகத்தை ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கினார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், அது லீக் அமைப்புக்குள் ஏறி வந்தது. 2020 நவம்பரில் பழைய வட்டாரமான பிளவ் லேனில் புதிய மைதானத்துக்குத் திரும்பியது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி ரசிகர்கள் கடன் பத்திரம் வாங்கித் தந்தது.

பரி ஊர் மக்களும் சோர்ந்துவிடவில்லை. புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினர், மைதானத்தை மீட்டனர், இரு ரசிகர் அமைப்புகளும் ஒன்றாயின. 2023இல் பரி என்ற பழைய பெயரோடு கிக் லேனில் மீண்டும் பந்து உருண்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "பணக்காரர் வராமல் கோப்பை வருமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உருக்குத் தொழிலதிபர் ஜாக் வாக்கரின் செல்வம் இல்லாமல் பிளாக்பர்ன் 1995இல் பட்டம் வென்றிராது. தாய்லாந்துக்காரர் ஒருவர் உரிமையாளராக இருந்தபோதுதான் லெஸ்டர் நகரக் கழகம் 2016இல் உலகை வியக்க வைத்தது. 2018இல் அவர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது ஊரே கலங்கியது. மறுபுறம், ரசிகர் கையில் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2008இல் கோப்பை வென்று, 2010இல் கடனில் மூழ்கி, படிப்படியாக நான்காம் பிரிவு வரை சரிந்த போர்ட்ஸ்மத்தை 2013இல் ரசிகர்களே வாங்கிக் காப்பாற்றினர். ஆனால் மைதானத்தைச் செப்பனிடவும் மேலே ஏறவும் பணம் தேவைப்பட்டபோது, 2017இல் தாங்களே வாக்களித்து ஓர் அமெரிக்கச் செல்வருக்கு விற்றனர்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வாதத்தின் உயிர்நாடி இருக்கிறது. விற்றவர்கள் ரசிகர்கள், கேட்டு, எண்ணிப் பார்த்து, வாக்களித்து விற்றார்கள். பரியில் அவர்களை யார் கேட்டார்? விம்பிள்டனில் அவர்கள் எதிர்த்தும் யார் மதித்தார்? செல்வர் வரட்டும், பணம் போடட்டும், பெருமையும் பெறட்டும். ஆனால் நான்கு பொருள்களின் சாவி ரசிகர் கையில் இருக்க வேண்டும்: கழகத்தின் மைதானம், பெயர், நிறம், அது ஆடும் போட்டி. 2012இல் கார்டிஃப் கழகத்தின் நீலச் சட்டையை உரிமையாளர் சிவப்பாக்கினார். நீலப் பறவைகள் என்பது அக்கழகத்தின் செல்லப் பெயர்! 2015 ஜனவரியில்தான் நீலம் திரும்பியது. 2021 ஏப்ரல் 18 அன்று ஆறு பெரிய கழகங்கள் தரமிறக்கம் என்ற அச்சமே தங்களுக்கு இல்லாத தனி ஐரோப்பியப் போட்டியில் சேர்வதாக அறிவித்தன. ரசிகர் தெருவில் இறங்கினர். இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின.

நமக்கு இதில் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நமக்கும் பங்குண்டு. 2022இல் தொடங்கிய மூன்றாண்டு ஒப்பந்தத்தில் பிரீமியர் லீக்குக்கு வெளிநாட்டுத் தொலைக்காட்சி உரிமையால் கிடைத்த வருவாய் உள்நாட்டு வருவாயை மிஞ்சியது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை இங்கிலாந்து மக்கள் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காண முடியாது, மைதானங்கள் வெறிச்சோடக் கூடாது என்பதற்காக வந்த பழைய ஏற்பாடு அது. நாம் இங்கே விடுதியில் சாய்ந்துகொண்டு காணலாம்! பகல் பன்னிரண்டரை மணிக்கு அங்கே நடக்கும் ஆட்டம் நமக்கு மாலை நேரத்துக்கு வாகாக அமைகிறது. அதற்காக வெளியூர் ரசிகர் விடியுமுன் எழுந்து பயணம் புறப்பட வேண்டியிருக்கிறது. பெரிய ஆறு கழகங்களின் பெயரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு நாம் கைதட்டும்போது, பரி போன்ற ஊர்களின் பங்கு எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. தனி ஒழுங்குமுறை அமைப்பு, கழகங்களுக்கு உரிமம், உரிமையாளரின் தகுதி குறித்த சோதனை ஆகியவற்றுக்கு அது வழி செய்கிறது. மைதானத்தை மாற்றவோ விற்கவோ அவ்வமைப்பின் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்றுவதற்கு ரசிகர் பெரும்பான்மையின் ஆதரவு வேண்டும். வரவேற்கிறேன். ஆனால் இதில் மைதானத்தின் சாவி அரசு அமைப்பின் கையில்தான் இருக்கிறது, ரசிகர் கைக்கு வரவில்லை. ஆகவே எனக்கு முழு நிறைவு இல்லை.

தமிழ்த்துறை நண்பர்களுக்கு ஒரு செய்தி. திருக்குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்ற சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. கற்றோர் கூடும் அவை என்ற பொருளும் அதற்கு உண்டு. இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களுக்கு முன்னாலும் இந்த இரண்டு பொருளும் நிற்கின்றன. சூதாட்டக் கம்பெனிகளின் பெயரைச் சட்டையின் மார்பில் தாங்கி ஆடுவதை 2025-26 பருவத்தின் முடிவோடு நிறுத்துவதாக 2023இல் பிரீமியர் லீக் கழகங்கள் ஒப்புக்கொண்டன. மார்பில் இருக்கும் எழுத்தை அழிப்பது எளிது. ஊர் மக்கள் கூடி வளர்த்த ஒன்றை ஒரு தனி மனிதர் பந்தயப் பொருளாக வைத்து ஆடும் சூது ஒழிய வேண்டுமே! அதற்கு மைதானத்தின் சாவியும் ஊராரிடம் வந்து சேர வேண்டும்.