சாலையோரத் தீர்ப்பு

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் காவல்துறையினர் ஒரு புதுமையைத் தொடங்கி வைத்தனர். வாகனம் ஓட்டிச் செல்வோரைச் சந்தேகம் ஏதுமின்றியே நிறுத்தி, அவர்தம் உமிழ்நீரைச் சோதித்து, போதைப்பொருள் உட்கொண்டனரா எனக் கண்டறியும் திட்டம் அது. உலகிலேயே இதுதான் முதலாவது என்று கூறப்பட்டமையால், செய்தியாளரும் தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளரும் திரளாகக் கூடியிருந்தனர். வேன் ஓட்டி வந்த ஒருவரை நிறுத்திச் சோதித்தனர். கஞ்சா இருப்பதாகச் சாலையோரச் சோதனை காட்டிற்று. அவரது முகமும், 'முதன்முதலாகப் பிடிபட்டவர்' என்ற பட்டமும் உடனே நாடெங்கும் பரவின. சில நாட்கள் சென்றபின் ஆய்வுக்கூடத்தின் முடிவு வந்தது. அவரது உமிழ்நீரில் கஞ்சா இல்லை!

இப்பிழை எவ்வாறு நேர்கிறது? கொரோனாக் காலத்தில் நம் வீடுகளில் கண்ட சோதனைப் பட்டை வாசகர்களுக்கு நினைவிருக்கும். கோடு தோன்றுகிறதா என்று வீடே கூடிநின்று பார்த்தோமல்லவா? சாலையோரக் கருவிகள் பலவும் ஏறத்தாழ அதே முறையில் இயங்குவனவே. விரைவும் மலிவுமே அவற்றின் சிறப்பு. ஐயத்திற்குரியவரைப் பிரித்தெடுப்பதே அவற்றின் பணி. உறுதி செய்வது ஆய்வுக்கூடம். இதில் சிறு கணக்கொன்றும் உண்டு. குற்றமற்றோர் நூறு பேரில் ஐவரைத் தவறாகக் காட்டும் ஒரு கருவியைக் கொண்டு ஆயிரம் பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் உண்மையாகவே போதைப்பொருள் கொண்டவர் 20 பேர். அந்த இருபதின்மரும் தப்பாமல் அகப்பட்டாலும், எஞ்சிய 980 பேரில் 49 பேர் வீணே அகப்படுவர். அதாவது, சிக்கியவர் 69 பேரில் பெரும்பாலோர் குற்றமற்றவர்! கருவி மோசமானதென்று இதற்குப் பொருளில்லை. முதற்படியை முடிவெனக் கொள்வதே மோசம்.

இந்த 'ஐந்து' நாம் கற்பனையாகக் கொண்ட எண்ணுமன்று. அந்நாட்டில் வழங்கிய இருவகைக் கருவிகளைச் சோதித்து, சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். கஞ்சாவைப் பொறுத்தமட்டில் ஒன்று நூற்றுக்கு 5 விழுக்காடும், மற்றொன்று 10 விழுக்காடும் இல்லாததை இருப்பதாகக் காட்டின. இருப்பதைக் காணாது விட்டதும் உண்டு: முன்னதில் 16, பின்னதில் 9 விழுக்காடு. ஆக, குற்றமற்றவர் அகப்படுவது போலவே குற்றமுடையோர் தப்பிச் செல்வதும் நிகழ்கிறது.

போதையில் வாகனம் ஓட்டுவோரால் சிந்தும் குருதியை நாம் சிறிதாக மதிக்கவில்லை. சோதனை வேண்டாம் என்பதும் நம் கருத்தன்று. 'முதற்கட்டச் சோதனையில் ஐயம் எழுந்துள்ளது. ஆய்வுக்கூட முடிவை எதிர்நோக்கியுள்ளோம்' என்று அறிவிப்பதற்கும், படப்பிடிப்பாளர் முன்னிலையில் 'பிடிபட்டார்' என்று அறிவிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! பின்னதைக் கேட்ட ஊர், மறுப்பைக் கேட்பதில்லை. கேட்டாலும் 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்கிறது.

அறிவிப்பின் தீங்கு வேறொரு வகையிலும் வரக்கூடும். இச்சோதனை ஓட்டுநரின் தடுமாற்றத்தை அளப்பதில்லை. உமிழ்நீரில் பொருள் உள்ளதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆகவே, எத்தனை நாள் கழித்து வாகனம் ஓட்டலாம் என்ற கேள்வி எழுகிறது. கஞ்சா உட்கொண்டபின் 12 மணி நேரம் வரை உமிழ்நீரில் புலப்படக்கூடும் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு பொதுமக்களுக்குக் கூறியிருந்தது. அம்மாநிலத்தில் ஒருவர், கஞ்சா புகைத்து ஒன்பது நாட்கள் ஆனபின்பே வாகனம் ஓட்டியதாகவும், ஒரு வாரம் பொறுக்குமாறு காவலர் ஒருவரே முன்னர் தம்மிடம் கூறியதாகவும் நீதிமன்றத்தில் உரைத்தார். சோதனையோ அவருக்கு எதிராக இருந்தது. 2016-இல் லிஸ்மோர் நீதிமன்றத்தில் நடுவர் டேவிட் ஹெய்ல்பர்ன், அவர் நேர்மையாகவும் தக்க காரணத்தோடுமே அவ்வாறு நம்பினார் என்று கொண்டு விடுதலை செய்தார். காவலர் சொல்லைவிட இரண்டு நாட்கள் மிகுதியாகவே அவர் காத்திருந்தார்.