ஓய்விடமும் உறைவிடமே

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காது. வேட்டங்குடிக் கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டு எழக்கூடாது என்று பல தலைமுறையாக அந்த ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. வேடந்தாங்கல்காரர்கள் 1798இலேயே கலெக்டர் லயோனல் பிளேஸைப் பார்த்து, தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று எழுத்தில் உரிமை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. கூடும் குஞ்சும் கண்ணெதிரே வளர்ந்தன. அதனால் அவை ஊர்ப் பறவைகள் ஆயின.

கடற்கரைக்கு வரும் குளிர்காலப் பறவைகளுக்கு அப்படி ஓர் ஊர் வாய்க்கவில்லை. அவை பெரும்பாலும் இங்கே கூடு கட்டுவதில்லை. வடக்கே சைபீரியத் துந்திராவிலும் திபெத், லடாக் ஏரிக்கரைகளிலும் முட்டையிட்டுவிட்டு, பனி இறங்கும் முன் தெற்கே கிளம்பி நம் கரைக்கு வந்துவிடுகின்றன. இங்கே அவற்றுக்கு வேண்டியது இரண்டுதான்: இரை தேடச் சேறு, ஓய்வெடுக்க மணல். இந்த இரண்டாவதை நாம் ஒரு தேவையாகவே எண்ணுவதில்லை. வெறும் மணல்தானே என்று அதன்மேல் வண்டியை ஓட்டுகிறோம்.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாதக் காலையில் அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் கரைவலை இழுக்கும் இடத்தில் நின்றால் போதும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க, பழுப்புத்தலைக் கடற்காகங்கள் தலைக்கு மேலே வட்டமிடும். சற்றுத் தள்ளி, சாலையிலிருந்து பார்த்தால் நுரை ஒதுங்கியதுபோலத் தெரிகிற மணல்திட்டில், ஆலாக்கள் எல்லாம் காற்றை எதிர்த்து ஒரே திசையில் முகம் வைத்து உட்கார்ந்திருக்கும். சிவந்த தடித்த அலகுடைய பெரிய ஆலா, தலைமயிர் கலைந்ததுபோன்ற கொண்டை ஆலா, கையடக்கமான சிற்றாலா. அவற்றின் காலடியில் கூழாங்கல் என்று நினைத்துக் கடந்துவிடக்கூடிய கொசு உள்ளான்களும் பட்டாணி உப்புக்கொத்திகளும் குந்தியிருக்கும். கொசு உள்ளானின் எடை பொதுவாக முப்பது கிராமைக்கூட எட்டாது. அந்த உடம்போடுதான் அது ஆர்க்டிக் வட்டத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வருகிறது.

செய்திகளில் இவற்றை "வெளிநாட்டுப் பறவைகள்" என்றும் "விருந்தாளிகள்" என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லை விட்டுவிடும் நேரம் வந்துவிட்டது என்று கருதுகிறோம். ஆர்க்டிக்கின் கோடை குறுகியது. கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஆகஸ்ட் கடைசியிலேயே நம் கரையில் இறங்கத் தொடங்கும் உள்ளான்களில் பல, ஏப்ரல் வரை இங்கேயே இருக்கின்றன. இன்னும் முட்டையிடும் பருவம் வராத இளம் பறவைகள் பல கோடையிலும் வடக்கே போகாமல் தங்கிவிடும். ஆண்டின் பெரும்பகுதியை நம் மணலில் கழிக்கும் உயிரை விருந்தாளி என்று சொல்லி வாசலிலேயே நிறுத்துவது சரியல்ல.

சொல்லில் உள்ள இந்தப் பிழை சட்டத்திலும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய இடங்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணற்குன்று, உயிர்வளம் உள்ள சேற்றுப்பரப்பு, கடற்புல் படுகை, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் அதில் உண்டு. பறவைகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் "பறவைகள் கூடு கட்டும் இடங்கள்" என்ற சொற்களோடு முடிந்துவிடுகிறது. கூடு கட்டாமல் கூட்டமாக வந்து ஓய்வெடுக்கும் மணல்திட்டுக்குப் பட்டியலில் தனிப் பெயர் கிடையாது. சேறு காக்கப்படுவதால் சாப்பாட்டு இலைக்குச் சட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கும் பாய்க்கு இல்லை.

ஓய்வு என்ன அவ்வளவு பெரிய தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நீர் ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில் இந்தப் பறவைகளால் இரை தேட முடியாது. தின்றதைச் செரித்து, கொழுப்பாக உடம்பில் சேர்க்கும் நேரம் அது. நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவை இனங்கள் சில, கிளம்பும் முன் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்கின்றன. வழியில் எரிக்க வேண்டிய எண்ணெய் முழுவதும் அந்தக் கொழுப்புதான். ஒரு ஜீப் வந்து கூட்டத்தை எழுப்பிவிட்டால் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. ஒரு நாளில் பத்து முறை எழுப்பினால், மார்ச் மாதத்தில் அந்தப் பறவை குறைந்த எண்ணெயோடு இமயத்தைத் தாண்டக் கிளம்பும். அது எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. நம் கரையில் ஒரு சடலமும் கிடக்காது.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ஆளற்றுப்போன அரிச்சல்முனைக்கு 2017இல் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் சிரமப்பட்டுப் போகவேண்டிய இடத்துக்கு இன்று குடும்பம் குடும்பமாகக் காரில் போகிறார்கள். மக்கள் கடலைப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. சாலையை விட்டிறங்கி ஈர மணலில் வண்டி ஓட்டுவதும், பறவைக் கூட்டத்துக்குள் பிள்ளைகளை ஓடவிட்டு ரீல்ஸ் எடுப்பதும், ட்ரோனைத் தாழப் பறக்கவிடுவதும் வேறு விஷயங்கள். பறவை ஆர்வலர் என்று சொல்லிக்கொள்பவர்களும் இதில் சேர்த்தி. பூநாரைக் கூட்டம் சிவப்புச் சிறகு விரித்து எழும் படத்துக்காக, சேற்றில் இறங்கி நடந்து அவற்றை வேண்டுமென்றே எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பாராட்டிப் பகிர்கிறவர்களும் அந்தத் தவறில் பங்காளிகள்.

தமிழக அரசு 2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல முடிவு, மனமுவந்து வரவேற்கிறோம். ஆனால் உயரமான, நிறமான, தொலைவிலிருந்தே தெரிகிற ஒரு பறவையின் பெயரால் அமைந்த சரணாலயம், கூழாங்கல் நிறத்தில் இருக்கும் முப்பது கிராம் பறவையையும் சேர்த்தே காக்க வேண்டும். எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்று பார்த்து ஆலாக்கள் இறங்குவதில்லை. காற்று மாறும்போது இடம் மாறுகின்றன. அந்த ஊர் மீனவர்களிடம் கேட்டால் இதைக் கையால் வரைந்தே காட்டுவார்கள். வடபுறம் பாக் நீரிணை, பெண்கடல். தென்புறம் மன்னார் வளைகுடா, ஆண்கடல். வாடை வீசும்போது பெண்கடல் கொந்தளிக்க, ஆண்கடல் ஒடுங்கிக் கிடக்கும். கச்சான் வீசினால் தலைகீழ். ஒதுக்கமான பக்கத்தைத் தேடித்தான் மனிதரும் வலை போடுகிறார்கள், பறவையும் உட்காருகிறது. இன்று ஆயிரம் பறவை இருந்த திட்டு, காற்று திரும்பிய மறுநாள் வெறுமையாகக் கிடக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு நாளில் முடிந்துவிடும் கணக்கெடுப்பு போதாது என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பையும், 1987 முதல் ஜனவரிதோறும் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பையும் குறைத்து மதிப்பிடவில்லை. மாநிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க அவை வேண்டும். ஆனால் அந்தச் சனி, ஞாயிறு எந்தக் காற்று வீசியது, நீர் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை அமைகிறது. ஒரு திட்டு பறவைக்கு முக்கியமா இல்லையா என்று சொல்ல, ஒரே கரையை ஒரே ஆள் வாரம் தவறாமல், குளிர்காலம் முழுக்க, பல ஆண்டு பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒன்றும் இல்லை என்ற குறிப்பும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். கடற்காகங்களை இனம் பிரிப்பதற்கே அந்தப் பழக்கம் தேவை. பெரிய கடற்காக இனங்களின் இளம் பறவை முழு நிறம் பெற நான்கு ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு குளிர்காலமும் வேறு சட்டையில் வரும். வெளியூரிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவரை அது எளிதில் ஏமாற்றிவிடும்.

ஓரிடத்தை விடாமல் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கோடியக்கரையே சான்று. சாலிம் அலியின் ஈடுபாட்டால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, விட்டுவிடும் பணியைப் பல பத்தாண்டுகள் நடத்தியது. அங்கே வளையம் போட்ட பறவை ரஷ்யாவில் கிடைத்தது. உலகிலேயே அரிதாகிப்போன கரண்டிவாய் உள்ளான் 1980களில் அங்கே பதிவானதும் அப்படிக் கண்விழித்துப் பார்த்தவர்களால்தான். ஒரு காலத்தில் அந்தச் சதுப்பில் பெருங்கூட்டமாக இருந்த வளைமூக்கு உள்ளான் குறைந்துவிட்டது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால், முன்பு எண்ணி எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள். 2024இல் உலக அளவில் பதினாறு கரைப்பறவை இனங்கள் முன்பைவிடக் கூடுதல் ஆபத்தில் உள்ளவையாக அறிவிக்கப்பட்டன. வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அவற்றில் அடக்கம். இரண்டும் நம் கரையில் குளிர்காலம் கழிப்பவை.

ஆமை விஷயத்தில் இதை நாம் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறோம். சென்னைக் கடற்கரையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து மாணவர்கள் இரவிரவாக நடந்து, சித்தாமை முட்டையிட்ட இடங்களைக் குறித்தார்கள். இன்று ஆமை முட்டையிடும் கரை என்றால் அதிகாரிகளுக்கும் தெரியும், மீனவருக்கும் தெரியும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பறவை ஓய்வெடுக்கும் கரைக்கு அந்த நடை இன்னும் தொடங்கவில்லை.

சரணாலயம், பாதுகாப்பு என்றதும் மீனவர் மனத்தில் எழும் அச்சத்தை நாம் அறிவோம். அது நியாயமான அச்சம். புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்றது என்று அரசே கைவிட்ட தனுஷ்கோடியில், அடிப்படை வசதிகள்கூட இல்லாமல் குடிசை போட்டு அந்தக் கடலை விடாமல் பிடித்திருப்பவர்கள் அவர்கள். பறவையின் பெயரால் அவர்களை ஓரங்குலம் நகர்த்துவதையும் நாம் ஏற்கமாட்டோம். கரைவலைக்கும் கடற்காகத்துக்கும் அங்கே பகை இல்லை. ஆலா எங்கே விழுகிறது என்று பார்த்து மீன் கூட்டம் கண்டுபிடிக்கும் தொழில் அவர்களுடையது. அவர்களைவிட நல்ல கண்காணிப்பாளர்களை அரசு எங்கே தேடும்? ஒவ்வொரு கடலோர ஊரிலும் அப்படிப்பட்ட இளைஞர் இருவருக்கு ஒரு தொலைநோக்கியும், நோட்டும், முறையான மாதச் சம்பளமும் கொடுத்தால் போதும். இதைத் தன்னார்வம் என்று சொல்லி இலவச உழைப்பாக வாங்கக்கூடாது.

அந்தக் குறிப்புகளைக் கொண்டு பறவைகள் கூடும் திட்டுகளைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடங்களில் குறிக்க வேண்டும். அறிவிக்கையில் "கூடு கட்டும்" என்று இருக்கும் இடத்தில் "கூடும், ஓய்வெடுக்கும்" என்ற சொற்களையும் சேர்க்கும்படி மாநில அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். அதுவரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை குறிப்பிட்ட திட்டுகளில் வண்டியும் ட்ரோனும் கூடாது என்று மாவட்ட நிர்வாகமே உத்தரவிடலாம். வலை இழுப்பவருக்கு விலக்கு, சுற்றுலா வண்டிக்குத் தடை. பார்க்க வருகிறவர்களுக்குச் சாலையோரத்திலேயே நிழலும் தொலைநோக்கியும் உள்ள ஒரு மறைவிடம் கட்டலாம். எட்ட நின்று பார்த்தால் பறவை எழாது. அதிக நேரம் பார்க்கவும் முடியும்.

நம் எல்லையோடு இது முடிந்துவிடாது. இலங்கையின் மன்னார்த் தீவில் விஞ்ஞானிகள் கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்ய ஆர்க்டிக் வரை போனது ஆய்வில் தெரிந்திருக்கிறது. தலைமன்னாருக்கும் அரிச்சல்முனைக்கும் இடையே உள்ள மணல்தீடைகளில் இரு நாட்டுக் கடலும் கலக்கின்றன. அதே ஆலா காலையில் அங்கே, மாலையில் இங்கே. வங்காலைச் சரணாலயத்தை இலங்கை 2010இலேயே ராம்சர் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரே நாளில், ஒரே காற்றில், இரு கரையிலும் எண்ணுவதற்கு இரு அரசுகளும் ஒத்துக்கொண்டால், படகுகளைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய இந்த நீரிணையில் பேச வேறொரு பொருளும் கிடைக்கும்.

மார்ச் முடிவில் கூட்டங்கள் வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியில், கோடைக்கால நிறம் இன்னும் முழுதாய் உதிராத முதல் உள்ளான்கள் திரும்பி வந்து அதே மணலில் இறங்கும். நடுவில் ஐந்து மாதம் இருக்கிறது. எந்தெந்தத் திட்டு என்று மீனவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவும், வரைபடத்தில் கோடு போடவும், சாலையோரம் பலகை நடவும் அந்த ஐந்து மாதம் தாராளம்.